பதினேழாம் கணக்கில் ஒரு பிழை

கணித பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகர்களாகப் புதிதாக நியமனம் பெற்றிருக்கும் உங்களிடம் வந்து அரை மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார்கள். நான் சொல்ல நினைத்த விஷயத்தைப் பேசினால் பாதியில் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். பஸ்ஸில் போகும்போது படித்துக்கொள்ளுங்கள்.

பாடசாலைகளுக்குப் போவது, வகுப்பைப் பார்ப்பது, ஆசிரியர்களுக்குச் செயலமர்வு நடத்துவது, பயிற்சிப் புத்தகம் தயாரிப்பது என்று உங்கள் வேலைகளெல்லாம் நியமனக் கடிதத்திலேயே இருக்கின்றன. அவற்றை எப்படிச் செய்வதென்று சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு வியாழக்கிழமை தொடங்கி அடுத்த திங்கட்கிழமை வரை நடந்ததையும் அதற்குப் பிறகு வந்த ஒரு கூட்டத்தையும்தான். உங்களுடைய இதே வேலையிலிருந்து ஓய்வு பெற எனக்கு எட்டு மாதங்கள் இருந்தபோது நடந்தது.

அந்த வருடம் 'பிரசினம் தீர்த்தல்' என்ற பயிற்சியை எங்கள் கல்வி வலயம் முழுக்க நடத்தினோம். சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை எடுப்பதோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள், ஒரு புதிய கணக்கைக் கண்டால் பேனாவை வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் எங்கள் கவலை. நாற்பது கணக்குகள் கொண்ட சிறு புத்தகம் ஒன்றை நான் தயாரித்தேன். கொட்டகலையில் ஒரு மண்டபத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் செயலமர்வு நடந்தது. அதில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: கணக்கைப் படித்ததும் முதலில் படம் வரையச் சொல்லுங்கள். சும்மா வரையாமல் அளவோடு வரையச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்தால் பாதிக் கணக்கு தெரிந்துவிடும்.

ஆசிரியர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி யோகேஸ்வரி. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவள். பட்டம் பெற்று வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் தேநீர் இடைவேளைக்கு எழுந்தபோது அவள் மட்டும் உட்கார்ந்து என் புத்தகத்திலுள்ள கணக்குகளுக்கு ஒவ்வொன்றாக நேரம் குறித்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்ன அந்த வியாழக்கிழமை அவளுடைய தரம் பத்து வகுப்பைப் பார்க்கப் போனேன். மழை. ஒரே நீளமான மண்டபத்தைப் பலகைத் தட்டிகளால் பிரித்து நான்கு வகுப்புகள். பக்கத்தில் ஆறாம் தரம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் யோகேஸ்வரி பதினேழாம் கணக்கை நடத்திக்கொண்டிருந்தாள்.

கணக்கு இதுதான். முக்கோண வடிவான ஒரு மரக்கறித் தோட்டம். அதன் பக்கங்கள் 120 மீற்றர், 70 மீற்றர், 40 மீற்றர். சுற்றிவர ஐந்து மீற்றருக்கு ஒன்றாகக் கம்பு நட்டு வேலி போட வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கம்பு வர வேண்டும். பத்து மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற அளவில் படம் வரைந்து, எத்தனை கம்பு வேண்டுமென்று கண்டுபிடிக்கவும்.

மூன்று பக்கங்களையும் கூட்டினால் 230. ஐந்தால் வகுத்தால் 46. புத்தகத்தின் பின்பக்கத்தில் நான் போட்டிருந்த விடையும் அதுதான்.

பிள்ளைகள் முதலில் 12 சென்ரிமீற்றர் கோடு போட்டார்கள். அதன் ஒரு முனையில் கவராயத்தை வைத்து ஏழு சென்ரிமீற்றருக்கு ஒரு வில், மறுமுனையிலிருந்து நான்கு சென்ரிமீற்றருக்கு ஒரு வில். இரண்டு விற்களும் வெட்டும் இடந்தான் மூன்றாவது மூலை. பெரும்பாலான பிள்ளைகள் விற்கள் வெட்டவில்லை என்பதைக் கவனிக்காமலே கண்ணளவில் ஒரு முக்கோணத்தை இழுத்துவிட்டு 46 என்று எழுதிவிட்டார்கள். மூன்றாவது வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தாள். பெயர் நிரோஷா. நான் அருகில் போனதும் தலையைத் தூக்கினாள்.

"டீச்சர், இது சேர மாட்டேங்குதுங்க."

நான் அவள் கையிலிருந்து கவராயத்தை வாங்கிப் பார்த்தேன். மேல் திருகு தேய்ந்து ஆடியது. நூல் சுற்றி இறுக்கியிருந்தாள்.

"கவராயம் லூசும்மா. அதான் அளவு மாறிப் போகுது. பக்கத்துப் பிள்ளைக்கிட்ட வாங்கிப் போட்டுப் பாரு."

"அதுலயும் போட்டேங்க டீச்சர்."

"அப்ப பென்சிலக் கூராக்கு."

மணி அடித்தது. கீழே போகும் ஓட்டோ எனக்காக நின்றுகொண்டிருந்தது. மேற்பார்வைப் படிவத்தில், 'பிள்ளைகள் படம் வரையப் பழகியுள்ளனர், திருத்தமாக வரையும் பயிற்சி தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளையின் தாளை நான் இரண்டு விநாடிகூடப் பார்க்கவில்லை. அவளுடைய கவராயத்தை மட்டுமே பார்த்தேன். அது பழையதாக இருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் தரம் பத்துக்குத் தவணைப் பரீட்சையின் கணித வினாத்தாள். முத்திரையிட்ட பொதிகளை அதிபர்கள் வந்து எங்கள் பணிமனையில் வாங்கிக்கொண்டு போகும் நாள். கொடுக்கும் மேசையில் நான்தான் இருந்தேன். வராந்தா முழுக்க நனைந்த குடைகள். ஒவ்வொரு அதிபராகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதினொரு மணிபோல யோகேஸ்வரி போன் செய்தாள்.

"மேடம், பிஸியா இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"அந்தப் பதினேழாம் கணக்குங்க. நிரோஷா நேத்து அப்பாவோட தலவாக்கலைக்குப் போயி புது கவராயம் வாங்கிட்டு வந்துருக்குங்க. அதுலயும் சேரலையாம். பதினோரு தடவை வரைஞ்ச தாளக் கொண்டுவந்து குடுத்துச்சு. நானும் வரைஞ்சு பாத்தேன் மேடம். எனக்கும் சேரல. நான் என்னமோ பிழையா வரையிறேன் போலிருக்கு. எப்புடின்னு சொல்லித் தர்றீங்களா?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கையிலிருந்த பேனா பதிவேட்டின் ஓரத்தில் 70, அதன் கீழே 40 என்று எழுதியது. 110. இரண்டு சிறிய பக்கங்களையும் நீட்டி ஒன்றோடொன்று வைத்தால்கூடப் பெரிய பக்கத்தின் நீளம் வராது. அப்படியொரு முக்கோணம் எங்கேயும் இல்லை. எட்டாம் தரத்துப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய விஷயம்.

எப்படி நடந்தது என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. முதலில் நான் எழுதியது 120, 70, 90. விடை 56. அதற்கு முந்தைய கணக்கின் விடையும் 56 என்று அச்சகத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். அடுத்தடுத்து ஒரே விடை வந்தால் பிள்ளைகள் பார்த்து எழுதிவிடுவார்கள் என்று 90ஐ வெட்டி 40 ஆக்கினேன். ஐந்தால் வகுபடுகிறதா என்று பார்த்தேன். வேறொன்றும் பார்க்கவில்லை.

ஆனால் அந்த நிமிடம் நான் பயந்தது புத்தகத்தை நினைத்து அல்ல. பாடசாலைகள் புத்தகத்தைப் பயன்படுத்த வேண்டுமென்பதற்காக அதிலிருந்து ஒரு கணக்கை அப்படியே தவணைப் பரீட்சைக்குப் போடச் சொல்லியிருந்தார் வலயக் கல்விப் பணிப்பாளர். நான் தேர்ந்தெடுத்தது பதினேழாம் கணக்கை. அது வினாத்தாளில் ஆறாம் வினாவாக, பத்துப் புள்ளிகளோடு, என் மேசைமேல் அடுக்கியிருந்த ஒவ்வொரு பொதிக்குள்ளும் இருந்தது.

யோகேஸ்வரி மறுமுனையில் காத்துக்கொண்டிருந்தாள். "கணக்கு பிழை" என்று சொன்னால், வரப்போகும் வினாவைப் பற்றி ஒரே ஒரு பாடசாலைக்குச் சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன்.

"நான் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

"சரிங்க மேடம். அந்தப் பிள்ளை ரொம்ப மனசு ஒடைஞ்சு போயிருக்கு. அதான் கேட்டேன்."

போனை வைத்தேன். என் முன்னால் ஒரு அதிபர் நின்றுகொண்டிருந்தார். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கையெழுத்துப் போட்டார். பொதியை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்னும் ஆறு பேர் வந்தார்கள். தெரிந்த பிறகு நான் கொடுத்தவை ஏழு பொதிகள். அந்த மேசையை விட்டு எழுந்து, "கொஞ்சம் இருங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் என்னை உறுத்துவது 40 என்று எழுதியது அல்ல, இந்த ஏழு பொதிகள்தான்.

பணிப்பாளர் ஒரு கூட்டத்துக்காக நுவரெலியாவுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்த மூன்றரை மணி வரைக்கும் நான் என் மேசையில் உட்கார்ந்து எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் கூட்டி வகுத்து 46 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நேற்று அந்த வகுப்பிலேயே அப்படித்தானே நடந்தது. புத்தகம் வெளிவந்து ஆறு மாதம் ஆகிறது, யாரும் எதுவும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் இதுவும் கடந்து போய்விடும். எட்டு மாதத்தில் வீட்டுக்குப் போகப்போகிறவள், இவ்வளவு நாள் சேர்த்த பெயரை இந்த ஒரு கணக்குக்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

உங்களுக்கும் இப்படி ஒரு மத்தியானம் வரும். அப்போது மனசு எவ்வளவு கெட்டித்தனமாகக் கணக்குப் போடும் என்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

பணிப்பாளர் கோபக்காரர். அவர் அறைக்குள் போவதற்கு முன் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் உள்ளே போய் ஒரு வெற்றுத் தாளில் கோட்டையும் இரண்டு விற்களையும் போட்டு அவர் முன்னால் வைத்தேன். அவர் கணிதம் படித்தவரல்ல. ஆனால் இரண்டு விற்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அவருக்கும் தெரிந்தது.

"இது யாரு பாத்தது?"

"லிந்துலைப் பக்கம் ஒரு பிள்ளை சேர்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"இப்ப உங்களுக்கு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பொதி எல்லாம் போயிருச்சு. இந்த மழையில திருப்பி எடுக்க ஏலாது. புள்ளித்திட்டத்துல சரி பண்ணிருவோம். நாப்பத்தாறுன்னு எழுதினவனுக்கும் பத்து, எழுதாதவனுக்கும் பத்து. யாருக்கும் ஒண்ணும் தெரியத் தேவையில்ல."

எனக்கும் அது பிடித்திருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் பதினோரு தடவை என்று யோகேஸ்வரி சொன்னது நினைவுக்கு வந்தது.

"சேர், புள்ளியத் திருப்பிக் குடுக்கலாம். நேரத்தத் திருப்பிக் குடுக்க ஏலாது."

"என்னா நேரம்?"

"கூட்டி வகுக்கிற பிள்ளைக்கு ரெண்டு நிமிஷத்துல இந்தக் கேள்வி முடிஞ்சிரும். அளவா வரையிற பிள்ளை இதுலயே அரை மணித்தியாலம் நிக்கும். மத்தக் கேள்வியெல்லாம் போயிரும்."

"எத்தனை பேரு அளவா வரையப்போறாங்க?"

"நாம சொன்னதக் கேட்டவங்க வரைவாங்க சேர்."

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "திங்கக்கெழம காலையில, பொதி ஒடைக்கிறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு அதிபருக்கும் போன் பண்ணி நாப்பத தொண்ணூறுன்னு திருத்தச் சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை வெளிய போகப்படாது. நீங்களே நின்னு செய்யுங்க."

சனிக்கிழமை யோகேஸ்வரி இரண்டு முறை அழைத்தாள். நான் எடுக்கவில்லை. அதன்பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நிரோஷாவின் தாள். நேர்த்தியான ஒரு கோடு, இரண்டு விற்கள், இரண்டுக்கும் நடுவில் அடிமட்டத்தால் அளந்து '1 செ.மீ.' என்று சின்ன எழுத்தில் குறிப்பு. கீழே யோகேஸ்வரியின் கேள்வி: 'மேடம், நாங்க எங்க பிழை விடுறோம்?' நான் படத்தைத் திறந்து பார்த்ததும் அவளுக்கு நீலக் கோடு விழுந்திருக்கும். பார்த்துவிட்டும் பதில் சொல்லவில்லை என்பது தெரிந்திருக்கும்.

பரீட்சை இரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. புத்தகத்தில் ஒரு கணக்கு பிழை என்பதை எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரு குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தால், எந்த இரகசியமும் வெளியே போயிருக்காது. இந்த யோசனை எனக்கு வந்தது பரீட்சை முடிந்து இரண்டு நாள் கழித்து. பயந்துகொண்டிருப்பவளுக்கு இப்படிச் சுலபமான வழி கண்ணில் படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, திங்கள் காலை ஏழரைக்குப் போனுக்குப் பக்கத்தில் இருங்கள் என்று மட்டும் சொல்வதற்காக அதிபர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். மத்தியானத்துக்குள் எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. யோகேஸ்வரியின் பாடசாலை அதிபர். முந்தின நாள் மாலையில் அடித்த காற்றுமழையில் அந்தப் பக்கம் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. இப்போது நானாக யோகேஸ்வரியை அழைத்தேன். அவளுடைய போனும் கிடைக்கவில்லை. இருட்டும் வரைக்கும் மாறி மாறி அழைத்தேன்.

போன் வேலையை மற்ற இரண்டு ஆலோசகர்களிடம் ஒப்படைத்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன். தலவாக்கலையில் அடுத்த பஸ் வரத் தாமதமானது. லிந்துலையில் ஓட்டோ பிடித்தபோது ஏழு ஐம்பது. பரீட்சை எட்டரைக்கு. பாதி ஏற்றத்தில் ஓட்டோ நின்றது. முன்னால் மண் சரிந்து பாதை முழுக்கச் சேறும் ஒரு மரமும் கிடந்தன. இனிப் போக முடியாது என்று சாரதி சிங்களத்தில் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு ஸ்கூலுக்கு வழி கேட்டேன். ஒரு அம்மா கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ரோட்டுல போனா நேரமாகும்மா. இந்தத் தண்ணிக் கான் ஓரமாவே ஏறுங்க, நேரா ஸ்கூல் பின்பக்கம் போய்ச் சேரும். அட்டை கிடக்கும், பாத்து."

ஐம்பத்தொன்பது வயதில் அந்த ஏற்றத்தை நான் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. இரண்டு இடத்தில் கையை ஊன்றித்தான் ஏறினேன். கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்துக்கொண்டும் இருந்தேன். எட்டரைக்கு நான் இன்னும் தேயிலைக்கு நடுவில் இருந்தேன்.

மண்டப வாசலை அடைந்தபோது எட்டு ஐம்பத்தெட்டு. அதிபர் என் சேலையில் இருந்த சேற்றைப் பார்த்துப் பதறிப்போனார்.

"மேடம், என்னாங்க இது? யாருக்கு என்னா?"

"ஒண்ணுமில்ல சேர். ஆறாம் கேள்வியில திருத்தம். நான் சொல்லணும்."

உள்ளே பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நிரோஷா ஜன்னலோரத்தில் இருந்தாள். நான் பயந்தது அப்படியே நடந்திருந்தது. மற்ற வினாக்களை விட்டுவிட்டு அவள் ஆறாம் வினாவைத்தான் முதலில் எடுத்திருந்தாள். அதை எப்படியும் வென்றுவிட வேண்டும் என்று நினைத்திருப்பாள். அழித்து அழித்துத் தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அந்தத் தாளில் வேறு எதுவும் இல்லை. அரை மணி நேரம் போய்விட்டிருந்தது.

இரண்டு விதமாகச் சொல்லலாம். 'அச்சுப் பிழை, 40 என்பதை 90 எனத் திருத்திக்கொள்ளவும்.' பணிப்பாளர் எழுதித் தந்த வாசகம் அதுதான். என் பையில் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை.

"பிள்ளைகள், ஆறாம் கேள்வி பிழை. அத எழுதினது நான்தான். அச்சுப் பிழை இல்ல, என்னோட பிழை. அந்த அளவுக்கு ஒரு முக்கோணம் வரைய யாராலும் ஏலாது. விற்கள் சேரலன்னா, நீங்க சரியாத்தான் வரைஞ்சிருக்கீங்க. 40ங்கிற எடத்துல 90ன்னு போட்டுக்கங்க."

பிறகு யாரையும் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தேன். கேட்பதற்கு அங்கே போனும் வேலை செய்யவில்லை. இந்த மண்டபத்துக்கு மட்டும் அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள் என்று அதிபரிடம் சொல்லி, அதைப் பதிவில் எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். பிறகு அதற்காக என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அந்தக் கடிதம் என் பணிக் கோவையில் இருக்கிறது. திருத்தம் நேரத்துக்குப் போய்ச் சேராதது இந்தப் பாடசாலைக்கு மட்டுமே என்று எழுதிக் கொடுத்தேன். நான் செய்தது முழுக்கச் சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் இன்னொரு முறை நின்றாலும் அதையே செய்வேன்.

நான் சொன்னதைக் கேட்டு நிரோஷா சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிப் புதிதாக ஒரு கோடு போட்டாள்.

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்வரை குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு நின்றேன். யோகேஸ்வரி ஒரு கிளாஸில் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் முந்திக்கொண்டாள்.

"நான் ஏதோ கேக்கக் கூடாதத கேட்டுட்டேன்னு நினைச்சேன் மேடம். அதான் போன் எடுக்கல போலிருக்குன்னு."

 இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நிரோஷா எங்களைக் கடந்து போகப் பார்த்தாள். நான் கூப்பிட்டேன்.

"அன்னைக்கு ஒன் கவராயத்தக் குறை சொன்னேன். நீ சரியாத்தான் வரைஞ்சிருந்த. எனக்குத்தான் தெரியல."

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்:

"நீங்க புத்தகத்துல போடுறதுக்கு முன்னாடி வரைஞ்சு பாக்கலையாங்க டீச்சர்?"

குரலில் கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். முதலில் படம் வரையுங்கள் என்று ஒரு வலயத்துக்கே சொல்லித் திரிந்தவள் நான்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தவணையில் அவள் எடுத்த புள்ளிகள் அவ்வளவு நல்லதாக இல்லை. கடைசி இரண்டு வினாக்களை அவள் தொடவே இல்லை. கூடுதலாகக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை, அல்லது அந்தக் காலையில் அவளுக்கு மனம் ஓடவில்லை. நான் கொடுக்கக்கூடியதைக் கொடுத்தேன். நான் எடுத்துக்கொண்டதை அது ஈடு செய்யவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கொட்டகலையில் அதே மண்டபத்தில் ஆசிரியர்களை மறுபடி கூட்டினோம். திருத்தத்தை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள் என்று பணிப்பாளர் சொல்லியிருந்தார். நான் துண்டுத் தாளைக் கொடுத்துவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அச்சகம், கவராயம், ஏழு பொதிகள், எடுக்காத போன், எல்லாவற்றையும்.   நான் பயிற்றுவித்த ஆசிரியர்கள் இவர்கள். இனி நான் ஒரு கணக்கைச் சொன்னால் இவர்கள் நம்புவார்களா என்பதுதான் என் பயம்.

சொல்லி முடித்தேன். பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இருபது வருடம் படிப்பித்தவர், நான் அறிந்தவரை எந்தச் செயலமர்விலும் வாய் திறக்காதவர்.

"மேடம், இருபத்தொம்பதாம் கணக்கு எனக்கும் வரல. ஆறு மாசமா. நமக்கு மண்டையில ஏறல போலன்னு அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவேன். பிள்ளைகள் கேட்டா சிலபஸ்ல இல்லன்னு சொல்லிருவேன்."

பக்கத்தில் இருந்த ஆசிரியை சொன்னாள்: "நானும் அதத்தான் விட்டேன்." இன்னொருவர் முப்பத்தி மூன்று என்றார். ஒருவர் ஐந்து என்றார், அது மிகச் சுலபமான கணக்கு, அதில் பிழை எதுவும் இல்லை. அவருக்கு அது விளங்கவில்லை, அவ்வளவுதான். விளங்கவில்லை என்று அவர் இத்தனை பேருக்கு முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இரண்டு நாள் செயலமர்வு நடத்தி, கைதட்டல் வாங்கி, அறிக்கை எழுதி அனுப்பியிருந்தேன். ஆறு மாதமாக இந்த ஆட்கள் தனித்தனியாக ஒவ்வொரு தோட்டத்திலும் தங்கள் அறிவையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆளாக நான் அவர்களுக்குத் தெரியவில்லை. கேட்ட ஒருத்திக்கும் நான் போனை எடுக்கவில்லை.

அந்த நாளுக்கென்று போட்டிருந்த நிகழ்ச்சி நிரலை மடித்துப் பையில் வைத்தேன். இருபத்தொன்பதாம் கணக்கை எல்லோரும் திறந்து வையுங்கள் என்றேன். ஒரு நீர்த்தாங்கியைப் பற்றிய கணக்கு அது. வேறு வலயமொன்றின் பழைய வினாத்தாளிலிருந்து எடுத்திருந்தேன். விடையையும் அங்கிருந்தே எடுத்துப் போட்டிருந்தேன். கரும்பலகைக்குப் போய்த் தாங்கியை வரைந்தேன். இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.

ஐம்பது பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"எனக்கும் இதுக்கு மேல வரல" என்றேன். "யாராவது வாங்க."

 பிறகு யோகேஸ்வரி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.